பிஸ்கட் டப்பாவில் ஊசிநூல்

தீபாவளிக்கு அக்கா பிள்ளைகளோடு வந்திருந்தாள். சின்னவளுக்கு மூன்று வயது முடிந்து சில மாதம். இந்த வயதுப் பிள்ளை கையில் கிடைத்தால் விடுவேனா? அலமாரியில் இருந்த நீல நிற பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தேன்.

"பாப்பா, உள்ள என்ன இருக்கு?"

"பிஸ்கட்!" கை நீண்டுவிட்டது.

திறந்தேன். நம் வீடுகளில் அந்த டப்பாவுக்குள் என்ன இருக்குமோ அதேதான்: நூல்கண்டு, ஊசி, அறுந்த சட்டைப் பொத்தான், ரவிக்கை ஹூக்கு. முகம் வாடிவிட்டது. மூடிவிட்டுக் கேட்டேன். "திறக்கறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு நெனச்ச?"

"ஊசிநூல்."

"பிஸ்கட்னு சொன்னியே?"

"இல்லையே." கண்ணில் துளிக் கள்ளம் இல்லை.

"வெளிய வெளையாடற அண்ணன்கிட்ட காட்டினா என்ன சொல்வான்?"

"ஊசிநூல்னு சொல்வான்."

1988-ல் அலிசன் காப்னிக், ஜேனட் ஆஸ்டிங்டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் மிட்டாய் டப்பாவுக்குள் பென்சிலை வைத்து இதையேதான் கேட்டார்கள். மூன்று வயதில் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். இப்போது எனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும், எனக்கும் முதலிலிருந்தே தெரியும். நாலு, அஞ்சு வயதில்தான் ஒருத்தர் மனசுக்குள் தப்பான எண்ணமும் இருக்கலாம் என்பது பிடிபடுகிறது. (தேர்தல் முடிவு வந்த மறுநாள் "நான் அப்பவே சொன்னேன்ல" என்கிற அப்பாவுக்கு எழுபது வயது. அவரை எந்த வகுப்பில் சேர்ப்பது?)

அடுத்தவர் நினைப்பை யோசிக்கும்போது மூளையில் வலது காதுக்குச் சற்று மேலே, பின்பக்கமாக ஓர் இடம் சுறுசுறுப்பாகிறது என்று மூளை ஆய்வாளர்கள் ரெபெக்கா சாக்ஸும் நான்சி கன்விஷரும் 2003-ல் ஸ்கேனில் காட்டினார்கள். எங்கள் வீட்டில் அந்த இடத்துக்கு ஓய்வே இல்லாதது அம்மாவுக்குத்தான். அப்பாவுக்குச் சர்க்கரை. அதிரசத்தை அம்மா ஒளித்துவைப்பாள். ஒளித்த இடம் அப்பாவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியும். அதுவும் தெரிந்துதான் அப்பா ஒன்றும் தெரியாதவர் மாதிரி பேப்பர் படிப்பார்.

சாயங்காலம் பேத்தியை மடியில் உட்காரவைத்துக் குழைந்தார். "பாட்டி அதிரசத்த எங்கடா கண்ணு வெச்சிருக்கா?"

"சொல்ல மாட்டேன். அரிசி டிரம்முல இருக்குன்னு சொல்லக் கூடாதுன்னு பாட்டி சொன்னாங்க."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுக்களைக்கு நடந்தார். மூடி திறக்கும் சத்தம். அரிசியைக் கிளறும் சத்தம். கிளறிக்கொண்டே இருந்தார்.

பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா குரல் கொடுத்தாள்: "அவகிட்ட சொன்னா உங்ககிட்ட வரும்னு தெரிஞ்சுதான் சொல்லிவெச்சேன். ஈரக் கைய எடுங்க, அரிசியில வண்டு வந்துடும்!"