தொட்டாலும் ஓடாத மீன் கருக்கள்: மரபணுவைத் தேடிப் போன அனுபவம்

ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் சிறு மீனான ஜீப்ரா மீனின் கருவில் தொடு உணர்வுக்கான மரபணுவைத் தேடுகிறோம் என்றால், எந்நேரமும் டிஎன்ஏவோடு மல்லுக்கட்டுவோம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நிஜத்தில் பெரும்பங்கு நேரம் மைக்ரோஸ்கோப் முன்னால் போகும். எந்தக் கருவுக்குத் தொட்டதே தெரியவில்லை, எதற்குத் தெரிந்தும் ஓட முடியவில்லை என்று பிரித்தாக வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என்னிடம் வந்த மீன் குடும்பத்தில் இந்தத் தொட்டாலும் ஓடாத கோளாறு ஒடுங்கு பண்பு, அதாவது மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால்தான் வெளிப்படும். தாய், தகப்பன் இரண்டும் ஆளுக்கொரு பழுதான பிரதியைச் சுமக்கும், நன்றாகவே நீந்தும். முட்டைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இரண்டு பிரதியும் பழுது. மாலையில் ஆணையும் பெண்ணையும் நடுவில் தடுப்பு வைத்த தொட்டியில் விட்டு, காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்துவிட்டால் முட்டையிடும். வடிகட்டி எடுத்து 28.5 டிகிரியில் வைத்துவிடலாம்.

அப்புறம் கடிகாரம்தான் எல்லாம். கருவுற்ற 17ஆம் மணி வாக்கில் கரு உறைக்குள்ளேயே தானாகச் சுருண்டு விரியத் தொடங்கும். 21ஆம் மணி வாக்கில் தொட்டால் சுருளும், 27ஆம் மணி வாக்கில் தொட்டால் நீந்தும். தொடுவதற்கு முன்னால் அந்தத் தானாகச் சுருளும் கட்டத்தைப் பொறுமையாகப் பாருங்கள் என்று அடித்துச் சொல்வேன். அப்போதே சுருளாத கருவில் பழுது பெரும்பாலும் தசைப் பக்கம். தசையில் அசிட்டைல்கோலின் ஏற்பி (நரம்பின் கட்டளையை வாங்கிக்கொள்ளும் புரதம்) இல்லாத கருக்கள் அப்படித்தான் அசையாமல் கிடக்கும். எங்கள் கருக்கள் எல்லாம் நன்றாகச் சுருண்டன. தசை வேலை செய்கிறது, கேள்வி உணர்வுப் பக்கம் என்ற தெம்பு அங்கேதான் வந்தது.

இரண்டாம் நாள் உறையை நீக்கிவிட்டு, மெல்லிய நைலான் இழையால் வாலை லேசாகத் தொடுவேன். நல்ல கரு தலையை எதிர்ப்பக்கம் வெடுக்கென்று வளைத்து, அடுத்த நொடி பார்வை வட்டத்தை விட்டே போய்விடும். பக்கத்தில் இன்னொன்று கிடக்கும். இதயம் துடிக்கிறது, வாலின் ரத்தக் குழாயில் ரத்த அணுக்கள் ஓடுகின்றன. இழை தோலை அழுத்திக் குழி விழுந்தாலும் அசைவில்லை. அதை முதலில் பார்த்தபோது மனசு கஷ்டப்பட்டது உண்மை.

தலையையும் வாலையும் தனித்தனியாகத் தொட வேண்டும். தொடுதலை உணரும் நரம்புச் செல்கள் இரண்டு இடத்திலும் வேறு: உடலுக்கும் வாலுக்கும் தண்டுவடத்தில் உள்ள ரோஹன்-பியர்ட் செல்கள், தலைக்கு முப்பெரு நரம்புச் செல்கள். எங்கள் கருக்கள் இரண்டு இடத்திலும் மௌனம்.

உடனே எல்லோருக்கும் காரணமாகத் தோன்றுவது பியசோ மரபணுக்கள். நியாயம்தான். 2010ல் ஆர்டெம் பட்டபூட்டியன் குழு கண்டுபிடித்த அயனிக் கால்வாய்கள் அவை, அழுத்தினால் திறந்து மின்னேற்றத் துகள்களைச் செல்லுக்குள் விடும் புரதங்கள். 2013ல் ஜீப்ரா மீனில் அவற்றில் ஒன்றான பியசோ2பியை அடக்கியபோது கருக்களின் தொடு உணர்வு குறைந்தது. ஆனால் எனக்கு வழி காட்டியது, இதேபோல் தொடுதலை உணராத 'மாச்சோ' என்ற பழைய மீன் குடும்பம். 1996ல் ஜெர்மனியின் டூபிங்கன் ஆய்வுக்கூடம் வெளியிட்ட பெரிய தேடலில் வந்தது. 1998ல் ரிபெரா, நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் என்ற ஆய்வாளர்கள் அதன் ரோஹன்-பியர்ட் செல்களில், நரம்புச் செய்தியை எழுப்பும் சோடியம் மின்னோட்டம் குறைவு என்று அளந்து காட்டினார்கள். அப்படியானால் சோடியம் கால்வாய் மரபணு என்றுதானே தோன்றும்? 2015ல் தெரியவந்த மரபணு பிக்-கே. கால்வாயே இல்லை, சில புரதங்களைச் செல் சவ்வோடு கொழுப்பு நங்கூரத்தால் பிணைக்கும் நொதியின் ஒரு பகுதி. அதனால் என் பட்டியலில் கால்வாய்களை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

ஓடாதவற்றின் டிஎன்ஏ ஒரு குழாய், ஓடியவற்றின் டிஎன்ஏ இன்னொன்று. இரண்டின் டிஎன்ஏ எழுத்து வரிசையையும் படித்து, ஓடாத குழுவில் மட்டும் இரண்டு பிரதியும் ஒன்றுபோல இருக்கும் குரோமோசோம் பகுதியைத் தேடினோம். தவறான குழாயில் சேரும் ஒவ்வொரு கருவும் அந்தப் பகுதியை மங்கலாக்கும். கூர்மையாக வந்ததற்குக் காரணம் அந்த நைலான் இழை வேலைதான்.

கடைசிச் சோதனையில், சந்தேகப்பட்ட மரபணுவின் நல்ல ஆர்என்ஏவை (புரதம் செய்யப் பயன்படும் நகல்) ஒற்றைச் செல் கட்டத்தில் ஊசியால் செலுத்தி, இரண்டாம் நாள் தொட்டுப் பார்த்தேன். பிறகு ஒவ்வொரு கருவின் மரபணுவையும் தனித்தனியாகப் படித்தபோது, இரண்டு பிரதியும் பழுதாக இருந்தும் நீந்திய கருக்கள் கிடைத்தன. கட்டுரை இன்னும் அச்சாகாததால் மரபணுவின் பெயரை இங்கே எழுத முடியவில்லை. அடுத்து ரோஹன்-பியர்ட் செல்லின் மின்னோட்டத்தை நேரடியாக அளக்கப் போகிறோம்.