உங்கட பிள்ளை எண்டா?

“உங்கட பிள்ளை எண்டா நீங்கள் குத்துவீங்களோ, மிஸ்?” என்று, மகனுக்கு அவசர ஊசி போடப் பழகக் கிளினிக்குக்கு வந்த ஒரு தாய் நேர்ஸான என்னிடம் கேட்டார். யோசிக்காமல் “ஓம்” என்றேன். யோசித்திருந்தால் வேறு ஏதாவது வந்திருக்கும். என் மகனுக்குத் தடுப்பூசி போடும்போதெல்லாம் அவனை மடியில் வைத்துக்கொண்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பினவள் நான். ஊசி பிடித்தது என்னோடு வேலை செய்யும் நேர்ஸ் பிள்ளைதான். பிறத்தியாரின் பிள்ளைகளுக்கென்றால் என் கை நடுங்கினதே இல்லை.

அவருடைய மகனுக்கு நாலு வயது. பிறவியிலேயே, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரீனல் சுரப்பியில் குறை. உடம்புக்குத் தேவையான கோட்டிசோல் என்ற ஹோர்மோன் சுரக்காது, உப்பும் உடம்பில் தங்காது. அதற்குப் பதிலாக ஹைட்ரோகோட்டிசோன் குளிசை நாளுக்கு மூன்று வேளை. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்டவேண்டும். வாந்தியெடுத்துக் குளிசை வயிற்றில் நிற்காவிட்டால் அதே மருந்து ஊசியாகத்தான். பிந்தினால் சீனி இறங்கும், பிரஷர் விழும், பிள்ளை மயங்கிப்போகும். இதெல்லாம் அந்தத் தாய்க்கு மனப்பாடம். நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே பையன் அவருடைய பையைக் கிளறி, சுற்றிவைத்திருந்த கருவாட்டுத் துண்டை எடுத்துச் சூப்பத் தொடங்கினான். “உப்பெண்டா விடமாட்டான்” என்றார்.

தோடம்பழத்தில்தான் பழக்கினேன். குப்பியில் 100 மில்லிகிராம் தூள். 2 மில்லிலீட்டர் நீர் விட்டுக் கரைத்து, அவனுடைய வயதுக்கு அதில் பாதி, அதாவது 50 மில்லிகிராம், எடுக்கவேண்டும். தொடையின் வெளிப்பக்கம், ஊசி நேராக இறங்கவேண்டும். ஒரு பிழையும் விடாமல் குத்தினார். பழத்தை மேசையில் வைத்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டார்.

வீடு நெடுந்தீவு, யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலுக்குள். கடைசிப் படகு போய்விட்டால் மறுகரையான குறிகட்டுவான் துறையை எட்டமுடியாது. தீவிலும் ஆஸ்பத்திரி இருக்கிறதுதான், ஆனால் அங்கே போய்ச் சேரும்வரைகூடப் பொறுக்காத வருத்தம் இது. அப்படியான ஒரு தாயிடம் போய், எனக்கும் பயம்தான் என்று சொல்லமுடியுமா? சொல்லியிருந்தால் மனம் இலேசாகியிருப்பாரோ, குப்பியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருப்பாரோ, தெரியாது.

சோளகக் காற்று வீசுகிற நாட்களில் ஓர் இரவு பிள்ளைக்கு வாந்தி. கொடுத்த குளிசையும் வெளியே வந்துவிட்டது. குத்தினார். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அடுத்த கிளினிக்குக்கு வந்தபோது, “நீங்கள் குத்துவன் எண்டு சொன்னதை நினைச்சுத்தான் மிஸ் குத்தினனான்” என்றார். சந்தோஷப்படவேண்டிய செய்தி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

தேவையில்லாமல் ஒருமுறை போட்டுவிட்டாலும் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை, போடாமல் விட்டால்தான் ஆபத்து என்றும் அன்றைக்குச் சொல்லியிருந்தேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம். அது அவருக்கு ஞாபகமே இல்லை. எனக்கே நிச்சயமில்லாத அந்த “ஓம்”தான் அவரைக் குத்தவைத்தது.

கூட வேலை செய்யும் பிள்ளையிடம் இதைச் சொன்னேன். “பிள்ளை தப்பினான்தானே அக்கா, பிறகென்ன?” என்றாள். பகலில் அது சரியாகத்தான் படுகிறது. நடுச்சாமத்தில் என் பிள்ளை அப்படிக் கிடந்தால் நானும் குத்தியிருப்பேன், வேறு யார் இருக்கிறார்கள் என்றும் தோன்றுகிறது. ஆனால் தடுப்பூசிக்கு ஆள் இருந்தது, அதனால் முகத்தைத் திருப்பமுடிந்தது. அந்தத் தாய்க்குக் கடலுக்குப் போகிற கணவனைத் தவிர வேறு ஆளில்லை. அப்படி ஆளில்லாததைப் பற்றித்தான் என்னிடம் கேட்டாரோ என்னவோ. நான் ஊசியைப் பற்றிக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது இரண்டு பேராக வந்து பழகுங்கள் என்று எல்லாத் தாய்மாருக்கும் சொல்கிறேன். வருவது பெரும்பாலும் ஒருவர்தான்.

வருகிற வருஷம் பையன் முதலாம் வகுப்பு. “ரீச்சர் பயந்தா நான் என்னெண்டு சொல்லுறது, மிஸ்?” என்று போனமுறை கேட்டார். டொக்டரிடம் கையெழுத்து வாங்கி ஒரு கடிதம் கொடுத்தேன். மருந்தின் அளவு, குத்தவேண்டிய இடம், பிறகு கொண்டுபோகவேண்டிய ஆஸ்பத்திரி, எல்லாம் அதில் இருக்கிறது. இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.