தொப்பியில் பூத்த குறிஞ்சி

கொடைக்கானல் ஏரிப் பக்கம் கடை போட்டிருக்கும் அக்காவுக்காக மூன்று வாரமாக எம்பிராய்டரி மெஷினில் தொப்பியோடு மல்லுக்கட்டுகிறேன். சாதாரணத் துணியைத் தட்டையாக ஃபிரேமில் மாட்டி ஓட்டிவிடலாம், தொப்பி வளைந்தது, அதுவும் நெற்றி நடுவில் இருக்கும் தையல் மேட்டில் ஊசி ஏறும்போது வழுக்கி, முதல் நாலு தொப்பியிலும் குறிஞ்சிப் பூ கோணிப்போனது. அப்புறம்தான் பிடிபட்டது. கீழே விளிம்புப் பக்கம் தொடங்கி மேலே போக வேண்டும், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விரிய வேண்டும், அப்போதுதான் துணி நடுவில் சேர்ந்து சுருங்காது. உள்ளே, துணி அசையாமல் தாங்கிப் பிடிக்க, தைத்து முடித்ததும் கிழித்தெடுக்கிற பேக்கிங் தாள் (backing), 75/11 அளவுக் கூர் ஊசி.

நேற்று ஐந்தாவது தொப்பி. ஊதா நூலில் இதழ்கள் பிசிறில்லாமல் உட்கார்ந்தன. அக்கா விரலால் தடவிப் பார்த்து, "2018-ல மலையெல்லாம் பூத்துச்சே, அதே நிறம் தம்பி" என்றார்.