பகுப்பு எண்ணும் ஆறாம் வகுப்பும்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் நூலகராக இருக்கிறேன். நூலக அறிவியல் படிப்பில் நாங்கள் அதிக நேரம் செலவிட்டது, நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்கும் டூயி தசமப் பகுப்பில். பள்ளிக்குள் அது எவ்வளவு தூரம் வரும்? தமிழ் இலக்கியத்துக்கு 894.811, கதை, நாவல் என்றால் 894.8113. எங்கள் பிள்ளைகள் எடுத்துப் போவது பெரும்பாலும் கதைதான். அலமாரி முழுக்க ஒரே எண்ணை ஒட்டி வைத்தால் யார் எதைத் தேடி எடுப்பது? ஆசிரியர் பெயரின் முதலெழுத்தைச் சேர்க்கலாம். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஆசிரியர் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "சார், பேய்க் கதை இருக்கிறதா?" என்று கேட்கிறது. "எழுத்து பெரிதாக இருக்கிற புத்தகம் கொடுங்கள்" என்கிறது. எனவே எழுத்தின் அளவையும் நடையின் எளிமையையும் பார்த்துக் கதைகளைப் பிரித்து, முதுகில் வண்ணத்தாள் ஒட்டினேன். பகுப்பு எண் பதிவேட்டில் இருக்கிறது. பிள்ளைகள் வண்ணம் பார்த்து எடுக்கிறார்கள்.

சிறுவர் இலக்கியத்துக்கென்று ஒரு தாள்கூட நாங்கள் படிக்கவில்லை. எந்த வயதில் எதைக் கொடுப்பது, தட்டுத் தடுமாறி வாசிக்கும் பையனைக் கூச்சப்படுத்தாமல் எப்படி உட்கார வைப்பது, நூலகப் பாடவேளையில் ஒரு வகுப்பே உள்ளே வந்து நின்றால் என்ன செய்வது என்பதெல்லாம் இங்கே வந்தபின் கற்றவை.

செட்டிநாட்டுக்கே உரிய வேலை ஒன்றும் உண்டு. பெரிய வீடுகளைப் பூட்டிவிட்டு வெளியூரில் குடியேறுபவர்கள் பழைய நூல்களைப் பெட்டியோடு பள்ளிக்குத் தருகிறார்கள். சைவ நூல்கள், பதிகங்கள், தொட்டால் பொடியும் தாள்கள், இராமபாணப் பூச்சி. இதே மண்ணில், கோட்டையூரில், ரோஜா முத்தையா ஒற்றை ஆளாகச் சேர்த்த நூல்கள்தான் 1994இல் சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாயின. அந்த நினைவோடுதான் ஒவ்வொரு பெட்டியையும் திறக்கிறேன். எதைப் பள்ளியில் வைப்பது, எதை ஆய்வு நூலகத்துக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கும் பயிற்சி எனக்குத் தரப்படவில்லை.

இருந்தாலும் படிப்பு வீண் என்று சொல்லமாட்டேன். கணித ஆசிரியராக இருந்து நூலகரான சீர்காழி ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகள் எனக்குத் தினமும் உதவுகின்றன. புத்தகம் தொலைந்தால் நூலகர்தான் பொறுப்பு, அதனால் அலமாரியைப் பூட்டி வையுங்கள் என்று நிர்வாகம் சொன்னபோது, 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்ற முதல் விதியை எடுத்து வைத்து வாதாடினேன். பூட்டு திறந்தது. ஆண்டிறுதிச் சரிபார்ப்பில் சில புத்தகங்கள் குறையத்தான் செய்கின்றன. கிழிந்துபோகும் அளவுக்கு வாசிக்கப்பட்டவை அதைவிட அதிகம்.

பாடத்திட்டம் வகுப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். செய்முறைப் பயிற்சிக்கு மாணவர்களைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள். ஒரு பருவம் முழுவதும் ஏதாவது ஓர் ஊர்ப் பள்ளியில், ஆறாம் வகுப்பின் நூலகப் பாடவேளையில் நிற்க வையுங்கள்.