பங்காளி கையெழுத்து இல்லாத பழைய விளையாட்டு

ஒரு பழைய கணினி விளையாட்டைத் தமிழாக்கியதற்கான பதிப்புரிமைப் பதிவுச் சான்று, பதினொரு மாதம் கழித்து, நேற்றுதான் வந்தது. அதில் பாதிக்கு மேல் விண்ணப்பத்தில் போட்ட ஒரே ஒரு டிக்கால் வீணானது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில், எனாமல் தட்டுகளுக்கு அடியில் பிபிசி மைக்ரோ என்ற பழைய பிரிட்டிஷ் கணினி ஒன்று கிடந்தது. 1984இல் தொடங்கிய கிளாஸ் என்ற அரசின் கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த அதே ரகம், நினைவகம் 32 கேபி. அதில் 'அட்வெஞ்சர்' என்ற, படமில்லாமல் எழுத்தாலேயே ஆடும் குகை விளையாட்டைத் தமிழில் ஓட வைத்தேன். எழுத்துருவை அதற்குள் திணித்தது தனிக்கதை.

கடைக்காரர் தூண் விற்க வருபவரிடம்கூட, "எந்த வீட்டுச் சாமான், பங்காளிங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சா?" என்றுதான் பேசுவார். விளையாட்டு விஷயத்தில் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஐம்பது வருஷத்துப் பழசு, யார் வரப்போகிறார்கள் என்று, இணையத்தில் அகப்பட்ட 350 புள்ளி வரை எடுக்கக்கூடிய, ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில் இருந்த நகலில் வேலையை ஆரம்பித்துவிட்டேன். உரிமம் என்று அதில் ஒரு வரி இல்லை. மூன்று வாரம் போச்சு.

இதற்குப் பங்காளிகள் இரண்டு பேர். பிடிபி-10 என்ற அந்தக் காலப் பெரிய கணினியில் முதலில் எழுதியவர் வில் குரோதர். 1977இல் விரித்தவர் டான் உட்ஸ். உட்ஸுக்குக் குரோதரின் முகவரி தெரியாது. இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த ஒவ்வொரு கணினிக்கும் 'குரோதர்' என்று போட்டு மடல் அனுப்பி அனுமதி கேட்டாராம்! இருவர் சம்மதத்தோடும் 2017இல் எரிக் ரேமண்ட் 430 புள்ளிப் பதிப்பைப் யாரும் எடுத்து மாற்றிக்கொள்ள விடும் பிஎஸ்டி உரிமத்தில் வெளியிட்டார். எடுக்க வேண்டியது அதைத்தான். உரிம வாசகத்தையும் அவர்கள் பெயரையும் மட்டும் நீக்காதீர்கள்.

பதிப்புரிமை எழுதியவுடனே வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. சான்று ஒன்று கையில் இருக்கட்டுமே என்ற ஆசையில் மதுரையில் ஒரு ஆலோசகரைப் பிடித்தேன். "மத்தவங்க எழுதின வரியை மறைச்சிடுங்க தம்பி" என்றார். ஜெராக்ஸ் கடை வாசலில் உட்கார்ந்து கறுப்பு மார்க்கரால் இருபது பக்கம் அடித்தேன். விரலெல்லாம் மை. பதிப்புரிமை விதிகளின் 2021 திருத்தத்தின்படி மூலநிரலின் முதல் பத்துப் பக்கமும் கடைசிப் பத்துப் பக்கமும் மறைப்பே இல்லாமல் தர வேண்டும். பதிப்புரிமை அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி மதுரை.

பெரிய கூத்து அப்புறம்தான். பதிவு விண்ணப்பமான பதினான்காம் படிவத்தோடு போகும் கூடுதல் விவரத் தாளில் 'அசல் படைப்பு' என்ற கட்டத்தில் ஆலோசகர் டிக் அடித்திருந்தார். முதல் ஆசிரியர் யார் என்று கேட்டுக் கடிதம் வந்தது. போன் செய்தால், "இதெல்லாம் சகஜம்" என்றார். கடைசியில் நானே 'பதிப்புரிமை உள்ள படைப்பின் தழுவல்' என்று திருத்தி, பிஎஸ்டி உரிமத்தை இணைத்து, நான் எழுதிய தமிழ் வரிகளையும் காட்சிகளையும் தனியாகக் குறித்து அனுப்பினேன். அதற்குமேல் கேள்வி வரவில்லை.

அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். ஆட்சேபத்துக்கு முப்பது நாள் காத்திருக்க வேண்டும். ஆலோசகருக்குப் போனது அதைவிடப் பல மடங்கு.

அடுத்து 'ஸோர்க்' என்ற இன்னொரு பழைய எழுத்து விளையாட்டைச் செய்யலாமா என்று நண்பர் கேட்கிறார். முதல் மூன்று பாகங்களின் மூலநிரல் 2025 நவம்பரில் பிஎஸ்டி போலவே தாராளமான எம்ஐடி உரிமத்தில் வந்துவிட்டது. பெயர் அதில் சேர்த்தியில்லை, அது வணிகக்குறி. வேறு பெயர் யோசித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.