கம்பெனிகள் சப்ளை செயினைச் சரிசெய்வது எதற்காக?

சப்ளை செயின் என்றால் ஒரு கம்பெனிக்கு மூலப்பொருளும் சரக்கும் கொடுக்கும் சப்ளையர்களின் சங்கிலி. ஒரு பெரிய கம்பெனி திடீரென்று 'எங்கள் சப்ளையர்கள் எல்லோரும் இனி சுற்றுச்சூழலையும் தொழிலாளரையும் மதிப்பார்கள்' என்று அறிவித்தால், அதற்கு முந்தைய ஓரிரு வருடங்களில் என்ன நடந்தது என்று நான் முதலில் தேடிப் பார்ப்பேன். பெரும்பாலும் ஏதோ ஒன்று நடந்திருக்கும்.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் டாக்காவுக்குப் பக்கத்தில், துணி தைக்கும் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து விழுந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தும் தையல் தொழிலாளர்களை உள்ளே போகச் சொன்னார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த சில தொழிற்சாலைகளில் முன்பே ஆடிட்டும் (தொழிற்சாலையின் நிலைமையைச் சோதிக்கும் ஆய்வு) நடந்திருந்தது என்பதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இடிபாடுகளுக்குள் பெரிய பிராண்டுகளின் லேபிள்கள் கிடந்ததை உலகமே பார்த்தது, அப்புறம் சில வாரங்களிலேயே பல பிராண்டுகள் தொழிற்சங்கங்களோடு, சட்டப்படி தங்களைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன.

பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம் அவ்வளவு வேலை செய்யும். 2010-இல் மழைக்காடுகளை அழித்து எடுக்கும் பாமாயிலை எதிர்த்து சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ், நெஸ்லேயின் கிட்கேட் சாக்லேட்டைக் குறிவைத்தபோது, இரண்டே மாதத்தில் காடழிப்போடு தொடர்புள்ள சப்ளையர்களை விலக்குவதாக நெஸ்லே சொன்னது.

ஆனால் பரபரப்பு அடங்கினால் பயமும் போய்விடும். அதனால்தான் சட்டத்தை நான் அதிகம் நம்புகிறேன். பெரிய கம்பெனிகள் தங்கள் சப்ளையர்களிடம் நடக்கும் மனித உரிமை மீறல்களையும் சுற்றுச்சூழல் கேடுகளையும் கவனித்துத் தடுக்க வேண்டும் என்று பிரான்ஸ் 2017-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது, அதே போன்ற ஜெர்மனியின் சட்டம் 2023-இல் அமலுக்கு வந்தது. அமெரிக்காவின் 2021 சட்டம் இன்னும் கறாரானது. சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் இருந்து வரும் சரக்கு கட்டாய உழைப்பில் செய்யப்பட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது இறக்குமதி செய்பவர் பாடு. சரக்கு துறைமுகத்தில் நின்றுவிடும் என்றால், பருத்தி எந்த வயலில் விளைந்தது என்பது வரை கம்பெனி தேடிப் போகத்தான் செய்யும்.

செலவு மிச்சமாகும் என்பதும் ஒரு காரணம். சரி, அட்டைப்பெட்டியையும் டீசலையும் குறைக்க யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. அதைவிட வலுவானது சரக்கு கிடைக்காமல் போகுமோ என்ற கவலை. 2011 தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கி உலகம் முழுக்க ஹார்டு டிஸ்க் தட்டுப்பாடு வந்தது. கோகோவும் அப்படித்தான், விவசாயிக்குக் கட்டுப்படியாகாவிட்டால் வயதான மரத்தை வெட்டிவிட்டுப் புதுக் கன்று நட மாட்டார், கடைசியில் சாக்லேட் கம்பெனிக்குத்தான் கொட்டை கிடைக்காது.

இத்தனை காரணங்கள் இருந்தும் பாதி வழியில் எல்லாம் நின்றுபோவது பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்டில் என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் சுற்றுச்சூழலையும் தொழிலாளர் நலனையும் கவனிக்கும் நிலைத்தன்மை குழு சப்ளையரிடம் 'ஓவர்டைம் கூடாது, கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும்' என்று படிவம் அனுப்பும், மறுபக்கம் அதே கம்பெனியின் கொள்முதல் அதிகாரி 'விலையைக் குறைங்க, ஒரு வாரம் முன்னாடியே அனுப்புங்க' என்பார், ஏனென்றால் அவருடைய போனஸ் அந்த விலையில்தான் இருக்கிறது. சப்ளையர் யார் பேச்சைக் கேட்பார்? ஆர்டர் கொடுப்பவர் பேச்சைத்தான். அந்த போனஸ் கணக்கில் சப்ளையரின் கழிவுநீரும் கூலியும் சேர வேண்டும், கூடவே சில வருடங்களுக்கான ஆர்டர் உறுதியும் வேண்டும். மூன்று மாத ஆர்டரை நம்பி சுத்திகரிப்பு நிலையம் கட்ட எந்த சப்ளையரும் கடன் வாங்க மாட்டார்.