அதே ஏழு விநாடி

நேற்று இரவு இணையச் சதுரங்கத்தில் பத்து நிமிட ஆட்டம் ஒன்றில் தோற்றேன். தோல்வி உறுத்தவில்லை, எதிராளியின் கடிகாரம்தான் உறுத்தியது. வேறு வழியே இல்லாத இடத்தில் குதிரையைத் திரும்ப வெட்டுவதற்கும் ஏழு விநாடி, யானையைப் பலி கொடுக்கும் ஆழமான நகர்வுக்கும் அதே ஏழு விநாடி. மனிதர்கள் அப்படி ஆடுவதில்லை. எளிய இடத்தில் கை தானாகப் போகும், சிக்கலில் திணறும். எதிராளி ஒரு கணினி நிரலைப் பார்த்து ஆடுகிறாரோ என்ற சந்தேகம் வந்தது.

1997-இல் சதுரங்க உலக சாம்பியன் காஸ்பரோவை வெல்ல ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. இன்று கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரல் (எஞ்சின்) எந்த உலக சாம்பியனையும் வீழ்த்திவிடும்.

ஆனாலும் ஓர் ஆட்டத்தை வைத்து யாரையும் திருடன் என்று சொல்லக் கூடாது. நல்ல நாளில் நானும் இருபது சரியான நகர்வுகளை ஆடியிருக்கிறேன். கென்னத் ரீகன் போன்ற கணினி அறிவியலாளர்கள் பல ஆட்டங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்: நகர்வுகள் எஞ்சினின் தேர்வோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன, அந்தத் தரப்புள்ளி (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) உள்ளவருக்கு அது இயல்புதானா என்று கணக்கிடுகிறார்கள்.

அதனால் அரட்டைப் பெட்டியில் சண்டை போடவில்லை, பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. தளத்துக்குப் புகார் மட்டும் அனுப்பினேன். காலையில் பதில் வந்தது: எதிராளியின் கணக்கை மூடிவிட்டார்கள், நான் இழந்த புள்ளிகள் திரும்பிவிட்டன.